நம் வீட்டில் மட்டும் திறக்காத பக்கம்

திண்டிவனம்
2.12.2014, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பரிமளாவுக்கு அம்மா எழுதுவது. நான், அப்பா, ஓசூரில் உன் தம்பி ராஜசேகர் மூவரும் நலம். ஐஸ்பெட்டிக்குள் இருப்பது போன்ற அந்த ஊரில் நீயும் சளி இருமல் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் மூன்று நாள் போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது திருத்துகிறார். இது அவரைப் பற்றிய விஷயம், அவர் திருத்தாமல் நான் சொல்ல வேண்டிய விஷயம். அதனால் அவர் கடையில் இருக்கும் நேரம் பார்த்துச் சமையல்கட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடை என்ன கடை, நம் வீட்டு முன்னறைதானே, அவர் இருமினால் இங்கே கேட்கிறது. பதினாறாம் தேதி சனிப்பெயர்ச்சி வருகிறதல்லவா, கம்ப்யூட்டர் ஜாதகம் பார்க்க மரக்காணம், ஓமந்தூரிலிருந்தெல்லாம் ஆள் வந்து காத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு அவர் எழுந்து வர மாட்டார்.

உன் பட்டமளிப்பை வீட்டிலிருந்தே நேரடியாகப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை நம் நேரம் மாலை நாலரைக்கு என்று பல்கலைக்கழகத்தின் முகவரியை நீ அனுப்பியதிலிருந்து உன் அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. தெருவில் பாதிப் பேரைக் கூப்பிட்டுவிட்டார். அதோடு நின்றாரா, விழுப்புரத்துக்குப் போன் போட்டு விருத்தாசலம் மாமாவையும் வெள்ளையம்மாள் அத்தையையும் அவசியம் வரச் சொன்னார். அவர்களைக் கூப்பிட்டது வெறும் அன்பினால் இல்லை என்று உனக்கும் தெரியும். நீ பி.எஸ்சி. முடித்த வருஷம் தங்கள் மகன் மணிமாறனுக்கு உன்னைக் கேட்டு அவர்கள் தட்டோடு வந்தார்கள், முறை மாப்பிள்ளை, விழுப்புரத்தில் சொந்த ஹார்டுவேர் கடை, எனக்கும் முழுச் சம்மதம். அப்போதுதான் அப்பா உன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, நீ பிறந்ததிலிருந்து மகம் என்று சொல்லி வந்தது பழைய கணக்குப் பிசகு, கம்ப்யூட்டர் துல்லியமாகப் போடுகிறது, பெண்ணுக்கு ஆயில்யம் என்றார். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பது ஊரறிந்த பேச்சு, வரப்போகிற மாமியாரோ உன் அத்தை, அவள் காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அதன் பிறகு நீ மேலே படித்தாய், வேலை பார்த்தாய், கடல் தாண்டிப் போனாய். மாமா மட்டும் போகிற கல்யாணம் காட்சியில் எல்லாம் ஒரே பாட்டுத்தான் பாடுவார். "பொண்ண கடலுக்கு அந்தாண்ட அனுப்பிட்டாரு மச்சான். அங்க அது படிக்குதா பாத்திரம் கழுவுதான்னு யாரு போய்ப் பாத்தது" என்று நாலு பேர் நடுவில் சொன்னதை நானே இரண்டு முறை கேட்டிருக்கிறேன். அந்த வாயை அடைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. என் ஆசை அவ்வளவு பெரியது இல்லை. மூன்று வருஷமாக உன்னை நேரில் பார்க்கவில்லை, நீ அந்த மேடையில் நடந்து போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போன புதன்கிழமை ஒத்திகை பார்க்கிறேன் என்று அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, நீ அனுப்பிய முகவரியை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பக்கம் வரவில்லை. சிவப்பாக ஒரு பெருக்கல் குறியும் கீழே ஆங்கிலத்தில் நாலு வரியும்தான் வந்தது, இது நம்பத்தகுந்த இடம் இல்லை, திரும்பிப் போ என்கிற மாதிரி. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தை இதே பெட்டியில் திறந்து உன் பெயர் இருக்கும் பட்டியலைப் பார்த்தவர் அவர். லைன் போய்விட்டது என்று டெலிபோன் ஆபீசுக்குப் போன் போட்டார். அவர்கள் வேறு ஏதாவது திறந்து பாருங்கள் என்றார்கள், தமிழ் நாளிதழ் நன்றாகவே திறந்தது, பஞ்சாங்கம் பார்க்கும் பக்கமும் திறந்தது. அப்படியானால் உங்கள் பல்கலைக்கழகத்தில்தான் கோளாறு என்று முடிவு கட்டி உனக்குப் போன் போடப் போனார், நான்தான் தடுத்தேன். பட்டம் வாங்கப் போகிற பிள்ளையிடம் ஒப்பாரி வைக்காதீர்கள், முதலில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் போய்ப் பாருங்கள் என்றேன். போய்ப் பார்த்தார், பக்கம் பளிச்சென்று திறந்ததாம். ராஜசேகரும் ஓசூரில் திறந்து பார்த்துவிட்டு எனக்கு வருகிறதே என்றான். உலகத்துக்கெல்லாம் தெரிகிறது, பெற்றவர்கள் வீட்டில் மட்டும் தெரியவில்லை.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு சவுரியம்மாள் டீச்சர், விடுமுறைக்கு வந்திருந்த தன் மகனின் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்தார். நம் கம்ப்யூட்டரிலிருந்த ஒயரைப் பிடுங்கி அதில் சொருகினோம், உடனே திறந்துவிட்டது. லைனும் நல்ல லைன், உங்கள் பக்கமும் நல்ல பக்கம், கோளாறு நம் பெட்டிக்குள்தான் என்று அதோடு தெளிவாகிவிட்டது. நாளைக்கும் அந்த லேப்டாப்பைக் கொடுங்களேன் என்று கேட்கலாம் என்றால் அந்தத் தம்பி அன்று சாயங்காலமே வேலைக்குப் பாண்டிச்சேரி கிளம்பிவிட்டான். ராஜசேகர் போனில் சொல்லச் சொல்ல அப்பா எதையெல்லாமோ அழித்தார், மோடத்தை அணைத்துப் போட்டார், வைரஸ் பிடிக்கும் சாமானை நிறுத்திப் பார்த்தார், வேறு பிரவுசரை இறக்கினார். அந்த வேறு பிரவுசரும் அதே சிவப்புக் குறியைக் கொஞ்சம் அழகாகக் காட்டியது, அவ்வளவுதான். பிரவுசிங் சென்டரிலேயே போய்ப் பார்த்துவிடலாமே என்று நான் சொன்னதற்கு அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும், என் பொண்ணு டாக்டர் பட்டம் வாங்குவதைப் பையன்கள் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிற இடத்திலா போய்ப் பார்ப்பது என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரிப்பேர்க்காரர் ஒருவரை வரச் சொன்னோம். பத்தரைக்கு வந்தார். உன் அப்பாவை உனக்குத் தெரியாதா, ராகு காலம் போகட்டும் என்று அவரைப் பன்னிரண்டு மணி வரை உட்கார வைத்து மோர் கொடுத்தார். பன்னிரண்டு அடித்ததும் அவர் பத்து நிமிஷம் தட்டிப் பார்த்துவிட்டு, பழைய பெட்டி சார், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால்தான் சரிவரும் என்று சொல்லிவிட்டார். அதற்குள் மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஜாதகம் இருக்கிறது. அப்பா பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அந்த ஆளை அனுப்பிவிட்டு வந்து, அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா என்று என்னைக் கேட்டார். முப்பது வருஷத்தில் அவர் அப்படி என்னிடம் யோசனை கேட்டது இல்லை. ஆனால் மூன்று மணிக்கே மாமாவும் அத்தையும் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். மாமா வந்ததும் வராததுமாகத் திரைக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அப்பா கடைசியாக ஒரு முறை தட்டிப் பார்க்க, சிவப்புக் குறி வந்து நின்றது, மாமா மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்பத்தகாத எடம்னு அவனே எழுதி வெச்சிருக்கான், அங்கதான் பொண்ண அனுப்பியிருக்கீங்க" என்றார். தெருக்காரர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார், அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன்.

உள்ளே வந்து, வேகவைத்த வேர்க்கடலையை, நம் மல்லாட்டையைத்தான், வடித்து வந்தவர்களுக்குக் கொடுக்கலாம் என்று கடையில் வீணான தாள்களை எடுத்தேன். ஒரு பக்கம் அச்சாகி வீணாய்ப்போன தாளெல்லாம் சமையல்கட்டுக்குத்தான் வரும் என்பது நம் வீட்டு வழக்கம் ஆயிற்றே. ஒரு தாளை விரித்து மல்லாட்டையைக் கொட்டப் போகையில் மேலே ஓரத்தில் சின்ன எழுத்தில் தேதி கண்ணில் பட்டது, 5.1.2018 என்று. நாம் இருப்பது 2014. யாராவது கைப்பிசகாக அடித்திருப்பார்கள் என்று அடுத்த தாளைப் பார்த்தேன், அதிலும் 2018. அதற்கடுத்த தாளிலும் 2018. செவ்வாய்க்கிழமை அச்சான தாள் இரண்டைத் தேடி எடுத்தேன், அதில் ஒழுங்காக 2014 இருந்தது. சூடு ஆறாத கையோடு முன்னறைக்குப் போய், "ஏங்க, இன்னா இது, நம்ம பெட்டி 2018ல ஓடிக்கினு இருக்குது" என்று அவர் காதோரம் சொல்லித் தாளை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரின் வலது மூலையைப் பார்த்தார், அங்கே மணி மட்டும்தான் தெரியும், அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தால்தான் தேதி வரும். வைத்தார். 2014 நவம்பர் இல்லை, அந்தத் தாளுக்கு இரண்டு நாள் தள்ளி, 2018 ஜனவரி ஏழு. அவர் முகம் போன போக்கை எழுத எனக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். புதன்கிழமை காலையில் துலாம் ராசிக்காரர் ஒருவர் வந்து, ஏழரைச் சனி முடிந்த பிறகு எனக்கு எப்படி இருக்கும், அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். சனி அவரை விடுவது 2017 கடைசியில். நம் பழைய ஜாதக புரோகிராமுக்கு இன்றைய கிரக நிலை என்றால் கம்ப்யூட்டர் என்ன தேதி காட்டுகிறதோ அதுதான். அதனால் உன் அப்பா கம்ப்யூட்டரின் தேதியையே 2018க்குத் தள்ளிவைத்து அவருக்குப் பலன் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, திருப்பி வைக்க மறந்துபோனார். ராஜசேகர் பிறகு எனக்கு விளக்கினான். உங்கள் பல்கலைக்கழகம் மாதிரி பத்திரமான பக்கங்களுக்கெல்லாம் இன்ன தேதி வரைக்கும் செல்லும் என்று ஓர் அத்தாட்சி உண்டாம், மருந்து அட்டையில் தேதி போட்டிருப்பது போல. நம் பெட்டி 2018இல் உட்கார்ந்துகொண்டு, இது காலாவதி, தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறது. நாளிதழுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லாததால் அது திறந்திருக்கிறது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நேரம் எப்படி என்று சொல்கிறவர், தன் பெட்டி எந்த வருஷத்தில் இருக்கிறது என்று மூன்று நாளாகப் பார்க்கவில்லை. நான் அதை எல்லார் முன்னாலும் சொல்லவில்லை, எனக்கு அதற்கான பெருமை வேண்டும் என்றுதான் இப்போது உனக்கு எழுதுகிறேன். கம்ப்யூட்டர் படித்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து கண்டுபிடிக்காததை எட்டாவது படித்த உன் அம்மா மல்லாட்டைத் தாளில் கண்டுபிடித்தாள்.

தேதியைச் சரி செய்தார், பக்கத்தைத் தட்டினார், கண் மூடித் திறப்பதற்குள் உங்கள் மண்டபம் வந்துவிட்டது. அப்போது மணி நாலு இருபது. பாட்டு, ஊர்வலம், சிவப்பு அங்கி போட்ட பெரியவர்கள் எல்லாம் வந்தார்கள். ஐந்து மணிக்கு மேல் நீ வந்தாய். கறுப்பு அங்கிக்குக் கீழே நான் அனுப்பிய அரக்குப் பட்டின் கரை தெரிந்தது, அதை வைத்துத்தான் உன்னை எனக்கு முதலில் அடையாளம் தெரிந்தது, முகம் அப்புறம்தான். உன் பெயரை அந்த வெள்ளைக்காரர் எப்படி எப்படியோ வளைத்துப் படித்தார், ஆனாலும் உன் அப்பா பெயரையும் சேர்த்துப் படித்தார். எட்டு விநாடி இருக்குமா நீ நடந்தது? நான் அழுதேன், அதை மறைக்கவில்லை. சவுரியம்மாள் டீச்சர் கை தட்டினார், தெருவே கை தட்டியது. மாமா மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா பேசிட்டேன் மச்சான். எங்க வூட்டுக்கு வந்திருந்தா ஆணிய எடை போட்டுக்கினு கல்லாவுல உக்காந்திருக்கும் புள்ள. நல்லவேளை, உங்க கம்ப்யூட்டரு ஆயில்யம்னு சொல்லுச்சு" என்றார். எத்தனை பெரிய மனசு பார், நான் அவரைப் பற்றி நினைத்ததெல்லாம் எனக்கே கூச்சமாகிவிட்டது. ஆனால் உன் அப்பா சந்தோஷப்படாமல் தலையைக் குனிந்துகொண்டார், எனக்கு அது அப்போது புரியவில்லை.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போது நான் அவரைச் சும்மா விடவில்லை. யாருக்காக எதை மாற்றினாலும் வேலை முடிந்ததும் பழையபடி திருப்பி வைக்க வேண்டாமா, நேற்று மானம் போயிருக்குமே என்று கொஞ்சம் நீட்டித்தான் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "தைலம், இன்னொண்ணும் மாத்திட்டுத் திருப்பி வெக்காம வுட்டுட்டேன்" என்றார். உன் ஜாதகத்தைத் திறந்து காட்டினார். பிறந்த நேரம் காலை ஐந்து இருபது என்று இருந்தது. நீ பிறந்தது ஆறு பத்துக்கு. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று ஐந்தரைக்கு ஆயில்யம் முடிந்து மகம் பிறந்துவிட்டது, நீ சந்தேகமே இல்லாத மகம். "அம்பது நிமிசம் முன்னால தள்ளி அடிச்சேன். கம்ப்யூட்டரு பொய் சொல்லல, நாந்தான் சொன்னேன்" என்றார். ஜாதகத்தைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கொடுங்கள், கல்யாணம் நடக்கட்டும் என்று கெஞ்சி வந்தவர்களையெல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிய மனிதர் அவர். ஒரு நிமிஷம்கூட யாருக்கும் நகர்த்தியது இல்லை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஏழு வருஷமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் பஸ் பிடித்துப் போய்ப் பெருமுக்கல் மலை ஏறி, கடக ராசி ஆயில்ய நட்சத்திரம் பரிமளாவுக்கு என்று அர்ச்சனை செய்துகொண்டு வருகிறேன், இல்லாத தோஷத்துக்கு என் முழங்கால் தேய்ந்திருக்கிறது, அத்தனை அர்ச்சனையும் எந்த ஊர் பரிமளாவுக்குப் போய்ச் சேர்ந்ததோ. ஆயில்யம் என்று சொல்லி உங்கள் தங்கையை விரட்டினீர்களே, எனக்கு ஏன் சொல்லவில்லை, நான் யாருக்கும் சொல்லியிருப்பேனா என்று கேட்டேன். "வெள்ளையம்மாகிட்ட வேணாம்னு நேரா சொல்லியிருப்பேன், கோவிச்சிக்கினு போயிருப்பா, ஆறு மாசத்துல சரியாப் போயிருக்கும். ஒன்கிட்டதான் சொல்ல முடியல" என்றார். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மணிமாறனுக்கே கொடுக்க வேண்டும், மேலே படிக்க வைக்கக் கூடாது என்று அந்த வாரம் மூன்று நாள் சோறு தண்ணியில்லாமல் படுத்தவள் நான். நீ புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு கதவு ஓரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நான் எழுந்து சாப்பிட்டது ஆயில்யம் என்று கேட்ட பிறகுதான். அந்தப் பொய் அத்தைக்குச் சொன்னது இல்லை பரிமளா, எனக்குச் சொன்னது.

இந்த மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் ஜெயித்திருந்தால் அந்த எட்டு விநாடி இல்லை. உன்னைப் பற்றி எனக்குப் பெருமை, அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன், உனக்கும் சொன்னேன். உன் அப்பாவைப் பற்றியும் எனக்கு அதே அளவு பெருமை இருக்கிறது, அதை அவரிடம் சொன்னால் தலைகால் புரியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன். அன்றைக்கு நான் செய்ததை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அம்மாவை மன்னித்துவிடு. இன்று காலையும் மலை ஏறினேன், தோஷம் இல்லை என்றாலும் போகாமல் இருக்க முடியவில்லை. சிம்ம ராசி, மகம் என்று சொன்னேன், குருக்கள் நிமிர்ந்து பார்த்து, ஏழு வருஷமா ஆயில்யம்னு சொன்னீங்களேம்மா என்றார். அது என் பிடிவாதத்தின் நட்சத்திரம் சாமி, பிள்ளையுடையது மகம்தான் என்று சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினேன்.

சரியான நேரம் போட்டு அப்பா அச்சிட்ட உன் ஜாதகத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். பலன் எதையும் நான் படிக்கவில்லை, படித்துக் காட்டவும் விடவில்லை. இனிமேல் உன் விஷயத்தில் யாரைக் கட்டுவது, எப்போது கட்டுவது, எந்த ஊரில் இருப்பது எல்லாம் நீ சொல், நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, கைக்கு உறை போடு. வருகிற வெள்ளிக்கிழமை கார்த்திகை தீபத்துக்கு அறையில் ஒரு விளக்காவது ஏற்று, புகைக்கு நெருப்பு மணி அடித்துவிடும் என்றால் மெழுகுவத்தி மாதிரி பொம்மை விளக்கு இருக்கிறதாமே, அதுவும் போதும். வெள்ளையம்மாள் அத்தையிடம் மட்டும் இதைப் பற்றி மூச்சு விடாதே, தட்டைத் தூக்கிக்கொண்டு போனதால்தான் தான் இன்னும் உயிரோடு இருப்பதாக அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் இரு கண்ணு. நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், என் பிடிவாதம் குறுக்கே வந்தாலும் நடக்கட்டும்.

உன் அம்மா,
சி. தைலம்மாள்